நாற்பத்தேழாம் வண்டியை ஓட்டுபவர் என் கணவர் அல்லர்

அனுப்புநர்:
நாற்பத்தேழாம் எண் வண்டியின் ஓட்டுநர்
(தங்கள் பதிவேட்டின்படி: மேற்படி ஓட்டுநரின் மனைவி),
வாகன இருக்கை உறை தைக்கும் பட்டறையின் மாடி வீடு.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மோட்டார் சைக்கிள் பந்தயச் சங்கம்,
பந்தயத் தட வளாகம், மேல் மாடி.

பொருள்: என் கணவருக்குத் தலை சுற்றுகிறது என்ற காரணத்தைக் காட்டி இறுதிப் போட்டியிலிருந்து என்னை நீக்கியதை ரத்து செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: சங்கத்தின் நீக்கக் கடிதம் மற்றும் அதனுடன் வந்த மருத்துவச் சான்றிதழ்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற திங்கட்கிழமை தங்கள் சங்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. நாற்பத்தேழாம் எண் வண்டியின் ஓட்டுநர் மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை என்றும், ஆகவே வரும் ஞாயிறு நடக்கவிருக்கும் புதியவர் பிரிவு இறுதிப் போட்டியில் அவருடைய இடம் ஒன்பதாவதாக வந்தவருக்கு அளிக்கப்படுகிறது என்றும் அதில் கண்டிருந்தது. சங்க மருத்துவரின் சான்றிதழ் நகலும் இணைக்கப்பட்டிருந்தது. என் கணவருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது, தலை சுற்றுகிறது, நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் நாற்காலியைத் தேடுகிறார், எனவே அவர் பந்தய வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார்.

இந்தச் சான்றிதழில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். என் கணவர் மருந்துக்கடையில் வேலை செய்பவர். லிஃப்டில் இரண்டு மாடி ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வார். பேருந்தில் முன்பக்கம் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பார். பன்னிரண்டு ஆண்டு இல்லற அனுபவத்தில் இதே சான்றிதழை நானே எழுதிக் கொடுத்திருப்பேன். மருத்துவரைச் சிரமப்படுத்தியிருக்க வேண்டாம். என் குறை ஒன்றே ஒன்றுதான். அந்த வண்டியை ஓட்டுவது அவர் அல்லர், நான்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

1. இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் சேர்க்கை விண்ணப்பம் வாங்கி நானே நிரப்பினேன். அதில் 'ஓட்டுநர்' என்று ஒரு கட்டமும் 'உதவியாளர்' என்று ஒரு கட்டமும் உண்டு. ஓட்டுநர் கட்டத்தில் என்னையும், உதவியாளர் கட்டத்தில் என் கணவரையும் எழுதிக் கொடுத்தேன். தங்கள் அலுவலக எழுத்தர் அதை வாங்கிப் படித்து, கண்ணாடியைக் கழற்றி, என்னைப் பரிவோடு பார்த்து, பச்சை மைப் பேனாவால் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே அம்புக்குறி போட்டு இடம் மாற்றினார். "பதட்டத்துல கட்டம் மாத்தி எழுதிட்டீங்கம்மா. நான் சரி பண்ணிட்டேன், கவலைப்படாதீங்க" என்றார். இல்லை ஐயா, சரியாகத்தான் எழுதினேன் என்று சொல்லி வேறு விண்ணப்பம் வாங்கி மறுபடி எழுதிக் கொடுத்தேன். அதையும் திருத்தினார். மூன்றாம் முறை போனபோது எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, முதல் தடவை என்றால் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். பிறருக்கு உதவி செய்வதில் அவருக்கு நிகர் அவரேதான். சிக்கலே அதுதான்.

2. அந்தத் திருத்தத்தின்படியே நுழைவாயிலில் பட்டைகள் தயாராகின. தாங்கள் அறிந்ததுதான்: ஓட்டுநருக்குச் சிவப்புப் பட்டை, உதவியாளருக்கு மஞ்சள் பட்டை. மணிக்கட்டில் ஒட்டிவிட்டால் கிழிக்காமல் கழற்ற முடியாது, கிழிந்தால் செல்லாது. முதல் போட்டியன்று வாயிற்காவலர் என் கணவரின் கையைப் பிடித்துச் சிவப்பை ஒட்டிவிட்டார். என் கணவர் எதையும் நிதானமாகச் சொல்பவர். அவர் வாயைத் திறப்பதற்குள் பட்டை காய்ந்துவிட்டது. எனக்கு மஞ்சளை ஒட்டி, "நீங்க அப்படி நிழல்ல போய் உக்காருங்கம்மா, சார் வர நேரமாகும்" என்று ஒரு நாற்காலியும் காட்டினார். நான் பந்தய உடுப்பில்தான் நின்றிருந்தேன். கணவர் காலைக் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

அன்று முதல் இந்தப் பருவம் முழுக்க மஞ்சள் பட்டையோடுதான் ஓட்டியிருக்கிறேன். கையுறைக்குள் என்ன நிறம் என்று தடத்தில் எவரும் பார்ப்பதில்லை. இறுதிப் போட்டியில் மட்டும்தான் தொடக்கக் கோட்டில் ஹெல்மெட்டைக் கழற்றி, பட்டையைக் காட்டி, மருத்துவச் சான்றிதழையும் காட்ட வேண்டும் என்பது விதி. ஆகவேதான் இத்தனை நாள் பொறுத்தது இப்போது கழுத்துக்கு வந்திருக்கிறது.

3. இப்படி ஒரு விஷயம் எவருக்கும் தெரியாமல் எப்படி நடந்தது என்று தாங்கள் ஐயுறலாம். தடத்தில் எல்லோருக்கும் தெரியும். மேல் மாடி அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியாது. சக ஓட்டுநர்களுக்கு மிக நன்றாகவே தெரியும் என்பதற்கு ஆதாரமாக ஒரு தொழில்நுட்ப விந்தையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நான் முந்திச் செல்லும் வண்டிகளுக்கெல்லாம் அந்தக் கணமே நோய் வந்துவிடுகிறது. முதல் போட்டியில் நான் முந்திய ஒருவருக்கு கிளட்ச் நழுவியது. இரண்டாவதில் ஒருவருக்கு கார்புரேட்டரில் தூசி அடைத்துக்கொண்டது. மூன்றாவதில் பால் விநியோகம் செய்யும் தம்பியின் வண்டிக்கு செயின் தளர்ந்தது. ஒருவருக்கு வண்டி நன்றாக இருந்தும் கண்ணில் பூச்சி விழுந்தது. ஆண்கள் ஒருவரை ஒருவர் முந்தும்போது இந்த நோய் எதுவும் வருவதில்லை. என் வண்டியிலிருந்து ஏதேனும் தொற்று பரவுகிறதா என்று தொழில்நுட்பக் குழு ஆராய்ந்து சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

4. பந்தயத்துக்கு முன் வண்டியைச் சோதிக்கும் மெக்கானிக் பற்றியும் ஒரு வார்த்தை. "டயர்ல காத்து எவ்வளவு வெச்சிருக்கீங்க சார்?" என்று அவர் என் கணவரைக் கேட்பார். கணவர் என்னைப் பார்ப்பார். நான் அளவைச் சொல்வேன். மெக்கானிக் அதைக் குறித்துக்கொண்டு கணவருக்கு நன்றி சொல்வார். பிறகு பிரேக் பற்றி மறுபடி கணவரைக் கேட்பார். பருவம் முழுவதும் இந்த மூவர் உரையாடல் எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்துவருகிறது. என் கணவருக்கு இப்போது பிரேக் பற்றி ஓரளவு தெரியும்.

5. பெண்கள் உடை மாற்றும் அறை என்று தாங்கள் பலகை மாட்டியிருக்கும் அறையில் பழைய டயர்கள் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்க இடம் உண்டு. அறைக்குத் தாழ்ப்பாள் வெளியேதான் இருக்கிறது. ஆகவே நான் உள்ளே உடை மாற்றும்போது கணவர் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரைக் கடந்து போகிறவர்கள் "ஆல் த பெஸ்ட் சார்" என்று கை கொடுப்பார்கள். கை கொடுத்தால் கதவு திறந்துகொள்ளும் என்பதால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார். பெரிய ஓட்டுநர்தான், ஆனால் கர்வம் ஜாஸ்தி என்று ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்வி. உடுப்பும் ஆண்களுக்குரிய ஆகச் சிறிய அளவுதான் கிடைத்தது. தோள் பகுதியில் இன்னொரு ஆளைக் குடிவைக்கலாம். நான் பட்டறையில் லாரி இருக்கைக்கு உறை தைப்பவள் ஆதலால், அதே கனரகத் தையல் இயந்திரத்தில் பிரித்துத் தைத்துக்கொண்டேன். இது குறை அல்ல, தகவல்.

6. இனி எழுதப்போவது கொஞ்சம் சங்கடமானது. நான்காவது போட்டியில் நான் இரண்டாவதாக வந்தேன். ஒலிபெருக்கியில் ஓட்டுநரைப் பரிசு மேடைக்கு அழைத்தார்கள். நான் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அறிவிப்பாளர் என்னைப் பார்த்துவிட்டு, "இதோ, கணவரோட வெற்றியைக் கொண்டாட ஹெல்மெட்டைத் தூக்கிக்கிட்டு ஓடோடி வர்றாங்க அன்பு மனைவி" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. பின்னாலிருந்து யாரோ என் கணவரை மேடைமேல் தள்ளிவிட்டார்கள். கோப்பையை அவரிடம் கொடுத்தார்கள். அவர் அதை என்னிடம் நீட்டினார். புகைப்படக்காரர், "கப் சார் கையிலயே இருக்கட்டும் மேடம், நீங்க கொஞ்சம் சிரிங்க" என்றார்.

நான் சிரித்தேன். கைப்பிடியின் அதிர்வில் என் விரல்கள் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தன. அன்று எனக்கு அழுகை வந்தது, ஐயா. இதை அலுவல் மொழியில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் அப்படியே எழுதிவிட்டேன்.

கோப்பையோடு ஸ்பேனர் செட் ஒன்றும் பரிசாக அறிவித்திருந்தீர்கள். அது என் கணவருக்குச் சென்றது. ஓட்டுநரின் மனைவிக்கு என்று ஓர் இஸ்திரிப்பெட்டியும் தந்தார்கள். வண்டியில் எண் ஸ்டிக்கர் சுருங்காமல் ஒட்ட அது நன்றாகப் பயன்படுகிறது. அதற்கு மட்டும் நன்றி. கோப்பையில் கணவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்ட மறுநாள் எழுத்தரிடம் போனேன். "ரெண்டு பேரும் ஒரே வீடுதானேம்மா, யார் பேர்ல இருந்தா என்ன" என்றார். அவருடைய சம்பளத்தை அவர் மனைவி பெயரில் வாங்கிக்கொள்வாரா என்று கேட்க நினைத்தேன். அவர் மறுபடி தேநீர் சொல்லிவிட்டதால் கேட்கவில்லை.

7. அந்தக் கோப்பை வீட்டுக்குள் வந்த பிறகு குழப்பம் குடும்ப விவகாரமும் ஆனது. என் மாமியார் அதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துத் தினமும் துடைத்தார். என் கணவர் உண்மையைச் சொல்ல நிதானமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்; எனக்கும் மாமியாரின் சந்தோஷத்தைப் பார்த்து வாய் வரவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் தன் மகனுக்கு இரண்டு முட்டை அவித்து வைப்பார். திரும்பி வந்ததும் மகனின் முதுகுக்கு வெந்நீர் பை தருவார். நான் மூன்றாவது வளைவில் விழுந்து முட்டி பெயர்ந்து வந்த அன்றும் வெந்நீர் பை அவர் முதுகுக்குத்தான் போனது. அவருக்கு மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியிருந்தது. மாமியார் அந்தப் பக்கம் திரும்பியதும் கணவர் முட்டைகளை என் தட்டுக்கு மாற்றிவிடுவார். வெந்நீர் பையை இரவு உணவுக்கு முன்பே கைமாற்றிவிடுவார். அவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

8. மருத்துவப் பரிசோதனைக்கு என் கணவருக்குத்தான் அழைப்பு வந்தது. போய் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள், அந்த இடத்திலேயே சரியாகிவிடும் என்று நானே அனுப்பினேன். "டாக்டர், நான் வண்டி ஓட்டுறதில்லை, என் மனைவிதான் ஓட்டுறாங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். "பயம் வந்தா எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. அதுக்காக மனைவியை மாட்டிவிடலாமா?" என்று கேட்டபடி மருத்துவர் அவர் கையில் அழுத்தமானியைச் சுற்றியிருக்கிறார். அறைச் சுவரில் வளைவில் சாய்ந்து போகும் வண்டியின் படம் ஒன்று இருக்கிறதாம். கணவர் அதைப் பார்த்திருக்கிறார். மற்றவை சான்றிதழில் உள்ளன.

9. நீக்கக் கடிதம் வந்தபோது மாமியார்தான் கதவைத் திறந்து வாங்கினார். படிக்கச் சொன்னார். கணவர் படித்தார். தலை சுற்றல் என்ற இடம் வந்ததும் மாமியார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க. சின்ன வயசுல ஊஞ்சல்ல உக்கார வெச்சாலே அழுவான். இவனா வண்டி ஓட்டுறான்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "முட்டை எந்தத் தட்டுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? முட்டி யாருக்குப் பெயர்ந்துச்சுன்னு கண்ணு இல்லையா எனக்கு? என்கிட்ட சொல்ல என்ன பயம் உங்க ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டார். அன்று இரவு ஞாயிற்றுக்கிழமை இல்லாதபோதும் ஒரு முட்டை அவித்து நேராக என் தட்டில் வைத்தார். கணவருக்கு ரசமும் சோறும்.

ஆகவே, ஐயா, எங்கள் வீட்டில் திருத்தம் நடந்து முடிந்துவிட்டது. சங்கத்தில் மட்டும்தான் பாக்கி.

10. இதற்கு ஏன் இத்தனை அவசரம் என்று தாங்கள் கேட்கலாம். அடுத்த பருவம் முதல் புதியவர் பிரிவுக்கு முப்பத்தைந்து வயது வரம்பு என்று சங்கம் அறிவித்திருக்கிறது. எனக்கு முப்பத்தெட்டு. இந்த இறுதிப் போட்டியில் ஓடியவர்கள் மட்டும்தான் பொதுப் பிரிவுக்குப் போகலாம் என்பதும் தங்கள் விதியே. இந்த ஞாயிறு கைநழுவினால் தடத்தில் எனக்கு வேறு ஞாயிறு கிடையாது. வாரத்தில் ஆறு நாள் நான் பிறர் உட்கார்ந்து ஊர் ஊராகப் போகும் இருக்கைகளுக்கு உறை தைக்கிறேன். ஏழாம் நாள் மட்டும்தான் நான் உட்கார்ந்து போகிறேன். வட்டமாகத்தான் போகிறேன், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறேன் என்று கணவர் கேலி செய்வார். இருந்தாலும் கடைசிச் சுற்றுக்கு அறிவிப்புப் பலகையைத் தூக்கிப் பிடிப்பவர் அவர்தான். பலகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொள்வார். நான் கடந்து போன சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பார்.

ஒன்பதாவதாக வந்து என் இடத்தைப் பெற்றிருப்பவர் மேலே சொன்ன பால்காரத் தம்பிதான். செய்தி தெரிந்ததும் பட்டறைக்கே வந்தார். "உங்க இடத்துல நான் போய் நின்னா எனக்கே அசிங்கமா இருக்கும்க்கா" என்றார். எழுதித் தருகிறாயா என்று கேட்டேன். எழுதித் தந்தார், இணைத்திருக்கிறேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "அன்னைக்கு செயின் எல்லாம் நல்லாத்தான்க்கா இருந்துச்சு" என்றும் சொன்னார். அதை எழுதித் தரச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

எனவே ஐயா அவர்கள் தயவுசெய்து நீக்க உத்தரவை ரத்து செய்து, நாற்பத்தேழாம் வண்டியின் ஓட்டுநர் கட்டத்தில் என்னையும், உதவியாளர் கட்டத்தில் என் கணவரையும் பதிவு செய்யும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இந்தத் திருத்தம் எழுத்தரின் மேசை வழியாகப் போகாமல் தங்கள் கையாலேயே, பச்சை தவிர்த்த வேறு மையில் நடந்தால் நலம். மருத்துவர் எந்த நேரம் குறித்தாலும் பரிசோதனைக்கு வரத் தயாராக இருக்கிறேன். நேர்கோட்டில் நடப்பேன். சுவரில் உள்ள படத்தையும் பார்ப்பேன். ஞாயிறு காலை சிவப்புப் பட்டையை என் மணிக்கட்டில் ஒட்டும்படி வாயிற்காவலருக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிழல் நாற்காலியை என் மாமியாருக்குக் கொடுக்கலாம். அவர் அன்று நேரில் வருகிறார். அறிவிப்பாளர் ஏதாவது தவறாகச் சொன்னால் எழுந்து திருத்துவேன் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படாது என்பதை எச்சரிக்கையாக அல்ல, தகவலாக மட்டுமே தெரிவித்துக்கொள்கிறேன்.

கோப்பையைத் திருப்பிக் கேட்கவில்லை. பெயரை மாற்றிப் பொறிக்கவும் வேண்டாம்; மாமியார் துடைத்துத் துடைத்து எழுத்து பாதி போய்விட்டது. அடுத்த கோப்பையில் கவனமாக இருந்தால் போதும்.

இடம்: பெண்கள் உடை மாற்றும் அறை (டயர்களுக்கு நடுவே)
நாள்: இறுதிப் போட்டிக்கு முந்தைய வியாழக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்,
(ஒப்பம்)
நாற்பத்தேழாம் எண் வண்டியின் ஓட்டுநர்

இணைப்பு: பால் விநியோகஸ்தரின் இசைவுக் கடிதம், மருத்துவச் சான்றிதழ் நகல் (என் கணவரைப் பொறுத்தவரை முழு உண்மை), இஸ்திரிப்பெட்டி (நேரில் ஒப்படைக்கப்படும், ஸ்பேனர் செட்டைப் பதிவேட்டில் ஓட்டுநர் கணக்குக்கு மாற்றவும்).

சாட்சியின் குறிப்பு: மேலே எழுதியிருப்பதை முழுவதும் படித்தேன். எல்லாம் உண்மை. எனக்கு மஞ்சள் பட்டை போதும். கடைசிச் சுற்றில் நான் கண்ணை மூடிக்கொள்வதும் உண்மைதான். அவளை ஓட அனுமதித்தால், இந்த ஞாயிறு கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன்.

(ஒப்பம்)
நாற்பத்தேழாம் எண் வண்டியின் உதவியாளர்